பலகை ஏறிப் பாறை வலம்

ஆஸ்திரேலியா போய் வந்தவர்கள் எல்லாரும் கங்காருவைப் பற்றிச் சொல்வார்கள். நானும் ஒன்றைப் பார்த்தேன். சாலையோரத்தில் நின்று எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் புல் மென்றுகொண்டிருந்தது. அதோடு கங்காரு சமாச்சாரம் முடிந்தது. நான் சொல்ல வந்தது ஒரு பலகையைப் பற்றி. அதில் என் மனைவி சாந்தி ஏறிய கதையும், அவள் ஏறியதால் எனக்கு உண்டான மானக்கேடும்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. திருவண்ணாமலையில் தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பூர்வீகம் கீழ்பென்னாத்தூர் பக்கம். கடையைவிட ஊரில் எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கிரிவலம்தான். தீட்டு நாட்கள் தவிர, இருபத்திரண்டு வருடமாக ஒரு பௌர்ணமி விடாமல் நடக்கிறவன். பதினான்கு கிலோமீட்டர், வெறுங்கால். வழியில் டீ கிடையாது, உட்காருவது கிடையாது. எங்கள் குழுவில் ஆறு பேர். செருப்போடு நடப்பவர்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். சாதாரண நாட்களில் ஆட்டோவில் மலையைச் சுற்றுகிறவர்களைப் பார்த்தால் அந்த மரியாதையும் கிடையாது. "சுத்துறது நீங்களா, டயரா?" என்று நேராகவே கேட்பேன். குழுவில் எல்லாரும் சிரிப்பார்கள். இந்த வசனத்தை உருவாக்கியவன் நான்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சாந்தியும் ஒரு காலத்தில் என்னோடு நடந்தவள்தான். இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு வலது முழங்காலில் ஆபரேஷன் ஆனது. நீள நடை கூடாது, முட்டி போட்டு உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான்கு மாதம் கழித்து ஒருநாள் கேட்டாள். "என்னாங்க, கூட்டம் கம்மியா இருக்கிற நாளா பாத்து, ஆட்டோல ஒரு சுத்து போயிட்டு வரலாமா?"

நான் யோசிக்கவே இல்லை. வாயில் தயாராக இருந்தது வெளியே வந்துவிட்டது. "சுத்துறது நீயா, டயரா?"

அவள் லேசாகச் சிரித்தாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் என்னை வாசல்வரை வந்து அனுப்பிவிட்டு, மொட்டை மாடியில் நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொள்வாள். சுற்ற முடியவில்லையே என்ற குறை அவள் மனசில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஊரெல்லாம் கேட்கச் சொன்ன சொல்லை எப்படித் திரும்ப எடுத்துக்கொள்வது என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

இந்த நிலவரத்தில்தான் மகள் நித்யா கூப்பிட்டாள். அவளும் மருமகன் அருணும் ஆஸ்திரேலியாவில் கடற்கரை ஓரமாக ஒரு சின்ன ஊரில் வீடு வாங்கியிருந்தார்கள். நாங்கள் வந்துதான் பால் காய்ச்ச வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஊர்ப் பெயரை எழுதக் கூடாது என்று கட்டளை. "நீ எதையாவது எழுதி வெப்பே, அப்பறம் நான் இங்க குடித்தனம் பண்ண வேணாமா?" என்கிறாள்.

விமான நிலையத்திலேயே வேடிக்கை ஆரம்பித்துவிட்டது. அந்த நாட்டுக்குள் விதை, இலை, மண் எதுவும் போகக் கூடாதாம். சாந்தி நிலைவாசலுக்கு மாவிலைத் தோரணம் கட்டி எடுத்து வந்திருந்தாள். அது போயிற்று. காய்ந்த கறிவேப்பிலை போயிற்று. வேர்க்கடலைப் பொடியை ஓர் அதிகாரி மோந்து பார்த்தார். இன்னொருவரைக் கூப்பிட்டு அவரையும் மோந்து பார்க்கச் சொன்னார். இருவரும் தும்மிவிட்டு அனுமதித்தார்கள். கடைசியில் விபூதிப் பொட்டலம். "இது என்ன?" என்றார்.

"சாம்பல்," என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாருடையது?" என்று ஆறுதலாகக் கேட்டார். சாமியுடையது என்று விளக்குவதற்குள் பின்னால் வரிசை நீண்டுவிட்டது. எப்படியோ பொட்டலம் தப்பியது.

மறுநாள் காலை பால் காய்ச்சினோம். பால் பொங்கியது. சாந்தி கற்பூரத்தை ஏற்றினாள். உடனே கூரையிலிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது பாருங்கள், நான் குண்டு வெடிக்கப் போகிறது என்றே நினைத்தேன். புகை வந்தால் கத்துகிற கருவியாம். அருண் நாற்காலி மேல் ஏறித் துண்டால் விசிறினான். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்துக் குழாயை இழுத்துக்கொண்டு, தீயணைக்கத் தயாராக வாசலில் வந்து நின்றார்.

அவர்தான் கெவின். எழுபதை ஒட்டிய வயது, குழாய் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வெயிலில் காய்ந்து தோல் வற்றல் மாதிரி இருந்தது. தீ இல்லை என்று தெரிந்ததும் குழாயைக் கீழே போட்டுவிட்டு, கொடுத்த சர்க்கரைப் பொங்கலை நின்றபடியே தின்றார். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கித் தின்றார்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் அவருடைய கால்கள். வெறுங்காலோடு வந்திருந்தார். அவசரத்தில் செருப்பை மறந்துவிட்டாரோ என்று பார்த்தால், அன்று மாலை கடைத்தெருவிலும் அப்படியேதான் நடந்தார். சூப்பர் மார்க்கெட்டுக்குள் ஏசியில், பளபளவென்ற தரையில், வெறுங்காலோடு வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் இப்படி ஒருவரைப் பார்த்தால் மலையைச் சுற்ற வந்திருக்கிறார் என்று கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கெவின் வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்து பேசினோம். என் ஆங்கிலம் ஜெராக்ஸ் எடுக்க வந்த பத்திரங்களைப் படித்துக் கற்றது. அது திணறுகிற இடத்தில் அருண் கைகொடுத்தான். கெவின் சிறுவயதிலிருந்தே சர்ஃபிங் போகிறவராம். பலகையின் மேல் குப்புறப் படுத்துக் கையால் தண்ணீரை வலித்து உள்ளே போய், அலை எழும்பும் இடத்தில் காத்திருந்து, சரியான அலை வந்ததும் துள்ளி எழுந்து நின்று சறுக்கி வருவது. வருடம் முழுக்க, குளிரானாலும் மழையானாலும், விடியும்போது கடலில் இருப்பார். அவரோடு நாலைந்து கிழவர்கள் உண்டு. எனக்கு எங்கள் ஆறு பேர் ஞாபகம் வந்தது.

"இப்போது புதிதாக ஒரு கூட்டம் வந்திருக்கிறது," என்று அவர் முகத்தைச் சுளித்தார். கதவு அளவுக்குப் பெரிய பலகை, கையில் நீளத் துடுப்பு, ஆரம்பத்திலிருந்தே நின்றுகொண்டே போவார்களாம். "நாங்கள் தண்ணீரில் உட்கார்ந்து ஒவ்வொருவராக முறை வைத்து அலைக்குக் காத்திருப்போம். அவர்கள் நிற்பதால் அலை தூரத்தில் வரும்போதே பார்த்துவிடுவார்கள். எங்களுக்கு முன்னால் போய்ப் பிடித்துக்கொள்வார்கள். கீழே விழுந்தால் அந்தக் கதவு யார் மண்டையில் அடிக்கும் என்று சொல்ல முடியாது. அதெல்லாம் சர்ஃபிங்கா? துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கடலைப் பெருக்குகிறார்கள். நாங்கள் அவர்களைப் பெருக்குகிறவர்கள் என்றுதான் சொல்வோம்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பல ஆயிரம் மைல் தாண்டி வந்து என் கட்சிக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்திருக்கிறேன்! நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எங்கள் மலையைப் பற்றி, பதினான்கு கிலோமீட்டரைப் பற்றி, ஆட்டோக்காரர்களைப் பற்றிச் சொன்னேன். என் வசனத்தை அருண் மொழிபெயர்த்தான். கெவின் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "டயர்! டயர்!" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நானும் சிரித்தேன்.

சாந்தி அங்கேதான் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் காபி கோப்பை நீட்டினார்கள். வாங்கிக்கொண்டு மரத்தில் இருந்த கிளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்காம் நாள் பஸ்ஸில் கடற்கரைக்குப் போகப் புறப்பட்டோம். நித்யாவும் அருணும் வேலைக்குப் போய்விட்டார்கள். நிறுத்தத்தில் நின்றோம். பஸ் வந்தது. நாங்கள் பார்த்தோம், டிரைவரும் எங்களைப் பார்த்தார், பஸ் போய்விட்டது. அடுத்ததும் அப்படியே. கையை நீட்டினால்தான் நிற்குமாம். எங்கள் பேருந்து நிலையத்தில் சும்மா தலை வாரிக்கொண்டு நின்றாலே 'வேலூரா, விழுப்புரமா' என்று கையைப் பிடித்து இழுத்து ஏற்றிவிடுவார்கள். மூன்றாவது பஸ்ஸுக்கு சாந்தி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். டிரைவர் பயந்துபோய் நிறுத்தினார். அங்கே இறங்குகிற ஒவ்வொருவரும் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குகிறார்கள். இறங்கும்போது சாந்தியும், "வரேம்பா," என்றாள். அவர் தலையாட்டினார்.

கடற்கரை நன்றாகத்தான் இருந்தது. மீன் வறுவலும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கினோம். மிளகாய் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே அந்த மீனுக்குத் தெரியாது. உருளைக்கிழங்கைக் கடற்பறவைகள் கையிலிருந்தே பறித்துக்கொண்டு போயின. கிரிவலப் பாதைக் குரங்குகளிடம் பழகிய எனக்கே சமாளிக்க முடியவில்லை.

கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில், கடலுக்குள் ஒரு பாறைக் குன்று நின்றது. மூன்று மாடி உயரம் இருக்கும். கரையில் நின்று பார்த்தால் அதற்கு இடப்பக்கம் அலை வரிசையாக எழும்பி உடைந்தது. கெவின் வகையறாவின் இடம் அது. வலப்பக்கம் ஏரித் தண்ணீர் போல அசைவில்லாமல் கிடந்தது. அங்கே துடுப்புக்காரர்கள் நின்றபடி உலவிக்கொண்டிருந்தார்கள். எல்லா வயதும் இருந்தது. ஒரு பெண்மணி தன் நாயையும் பலகையில் ஏற்றியிருந்தாள். சாந்தி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாறையைப் பார்த்தாள்.

"நானும் அதுல போறேன்," என்றாள்.

நான் மீன் முள்ளை விழுங்கப் பார்த்தேன். "உனக்கு நீச்சல் தெரியுமா?"

"நம்மூரு கெணத்துல நான் குதிச்சதெல்லாம் உங்களுக்கு எங்க தெரியும்?"

விஷயம் நித்யாவின் காதுக்குப் போனதும் அவள் சந்தோஷத்தில் குதித்தாள். மறுநாள் லீவு போட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள். ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் காலையில் அமைதியான பக்கத்தில் பாடம் நடந்தது. நிற்க முழங்கால் இடம் கொடுக்கவில்லை. முட்டி போடவும் கூடாது. அதனால் சாந்தி பலகையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு துடுப்புப் போட்டாள். சுடிதார், அதன் மேல் ஆரஞ்சு நிறத்தில் மிதவைச் சட்டை, தலையில் மகளின் தொப்பி. நான் கரையில் அந்தப் பக்கமே திரும்பாமல் உட்கார்ந்திருந்தேன். நின்று ஓட்டுவதையே கேவலமாகப் பேசுகிற ஊரில், அதிலும் உட்கார்ந்து ஓட்டினால் அது எந்தக் கணக்கில் சேரும்? கெவின் பார்த்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

ஏழாம் நாள்தான் அது நடந்தது.

அன்று அலை சிறியது, இடுப்பளவு. கெவினும் மூன்று பேரும் பாறைக்கு இடப்பக்கம் தண்ணீரில் காத்திருந்தார்கள். அவர்கள் குழுவில் இன்னொரு கிழவர் மட்டும் களைப்பாகிக் கரையேறி என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்தார். பலகை வாடகைக்கு விடும் பெண் சாந்தியிடம் கையால் காட்டிச் சொன்னாள்: "வலப்பக்கமாகவே போங்கள். பாறை உங்கள் இடது கைப்பக்கம் இருக்க வேண்டும். பாதி தூரத்தில் அதே வழியாகத் திரும்பிவிடுங்கள்." நித்யா அதைத் தமிழில் சொன்னாள். சாந்தி தலையாட்டினாள். நித்யாவுக்கு ஆபீஸிலிருந்து போன் வந்தது, அவள் அந்தப் பக்கம் திரும்பினாள்.

நான் கண்ணை மூடி வெயில் காய்ந்துகொண்டிருந்தேன். பக்கத்திலிருந்தவர் சொன்னார்: "பெருக்குகிறவர்கள் போதாதென்று, இப்போது உட்கார்ந்து பெருக்குகிறவர் ஒருவர் வந்துவிட்டார், பார்."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் கண்ணைத் திறந்தேன். பாறைக்கு இடப்பக்கம், அலை உடைகிற இடத்தை நோக்கி, ஆரஞ்சு நிறத்தில் என் மனைவி போய்க்கொண்டிருந்தாள்.

"அம்மா! அந்தப் பக்கம் இல்லம்மா!" என்று நித்யா போனை மணலில் போட்டுவிட்டு ஓடினாள். பலகைக்காரப் பெண் விசில் ஊதினாள். தண்ணீரிலிருந்த சர்ஃபர்கள் கையை ஆட்டிக் கத்தினார்கள். வழி தெரியாமல் போகிறாள், நீரோட்டம் இழுக்கிறது என்று கரையில் இருந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். எனக்கு மட்டும் அப்படித் தோன்றவில்லை. அவள் துடுப்பை மடியில் வைத்தாள். பாறையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். மறுபடி துடுப்பை எடுத்தாள். பாறை அவளுக்கு வலது கைப்பக்கம் இருந்தது.

அந்தக் கரையில் இருந்த இத்தனை பேரில் விஷயம் புரிந்தவன் நான் ஒருவன்தான். என் மனைவி வலம் போய்க்கொண்டிருந்தாள். திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவளிடம் போய், குன்றை இடது பக்கம் வைத்துக்கொண்டு போ என்றால் போவாளா? எங்கள் ஊரில் பால்காரர்கூட மலையைச் சுற்றிப் போக வேண்டியிருந்தால் அப்படிப் போக யோசிப்பார்.

முதல் அலையில் பலகை ஏறி இறங்கியது. இரண்டாவது அலை குறுக்கே வந்து அவளைக் கவிழ்த்தது. பேண்டோடு தண்ணீரில் இறங்கி இடுப்புவரை போய் நின்றுவிட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது. கெவின் பலகையில் படுத்து அம்பாகப் பாய்ந்து போவது தெரிந்தது. ஆரஞ்சு நிறம் மேலே வந்தது. அவர் அவளைப் பிடித்துப் பலகையில் ஏற்றினார். ஏதோ சொன்னார். அவள் கையை நீட்டிப் பாறையின் பின்பக்கத்தைக் காட்டினாள். இருவரும் பாறைக்குப் பின்னால் மறைந்துபோனார்கள்.

அந்தப் பத்து நிமிடத்தில் எனக்குச் சாமி ஞாபகம்கூட வரவில்லை. ஒருநாள் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போயிருந்தால் இவள் இந்த ஊர்ப் பாறையை ஏன் சுற்றப் போகிறாள் என்ற ஒன்றுதான் வந்தது. அழுதுவிட்டேன். நித்யா என்னைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் ஆவாதுப்பா, கெவின் இருக்காரு," என்று தைரியம் சொன்னாள். நான் எதற்கு அழுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

பாறையின் வலப்பக்கமாக இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். கெவின் தன் பலகையில் படுத்தபடி ஒரு கையால் அவளுடைய பலகையைப் பிடித்திருந்தார். சாந்தி உட்கார்ந்து நிதானமாகத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். அலைக்குள் திருப்பிக் கொண்டுவருவதைவிடச் சுற்றி வருவதே பத்திரம் என்று அவர் முடிவு செய்தாராம். இத்தனை வருடத்தில் அந்தப் பாறையை அவர் முழுசாகச் சுற்றியது அன்றுதான் முதல் தடவை.

கரையேறியதும் நித்யா அம்மாவைக் கட்டிக்கொண்டு திட்டினாள். "ஏம்மா அந்தப் பக்கம் போனே?"

சாந்தி உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு, "பின்ன? குன்ன எடது கைப்பக்கம் வெச்சிக்கினு போவச் சொல்லுது அந்தப் பொண்ணு. அபச்சாரம் இல்லியா?" என்றாள்.

கெவினுக்குக் கோபம் அடங்கவில்லை. என்னிடம் வந்து, அந்தப் பலகை அந்த இடத்துக்கானதில்லை, இன்று அலை சிறியதாக இருந்ததால் தப்பித்தோம் என்று விரலை நீட்டிப் பேசினார். மணலில் உட்கார்ந்திருந்த அந்தக் கிழவரும் பக்கத்தில் வந்து தலையாட்டினார். எனக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆங்கிலம் வந்ததோ. "அவளுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. அவளால் நிற்க முடியாது. உட்கார்ந்து ஓட்டினால் சிரிப்பீர்களா? கால் சரியில்லாதவர்கள் கடலுக்கே வரக் கூடாதா?" என்று கத்தினேன்.

கெவின் என்னை விசித்திரமாகப் பார்த்தார். கிண்டல் செய்த அந்தக் கிழவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்படி யார் சொன்னது?" என்றார் கெவின். "என் சண்டை அலைக்காக. கடலுக்காக இல்லை. கால் முடியாதவர்கள் பலகையில் நிற்கட்டும், உட்காரட்டும், படுத்துத் தூங்கட்டும். அதைப் பற்றி நான் என்றைக்காவது பேசினேனா? நாலு பேர் நடுவில் வந்து இடிக்காதே என்பதுதான் என் பேச்சு."

சாந்தி துப்பட்டாவைப் பிழிந்தபடி, "என்னா சொல்றாரு?" என்று நித்யாவைக் கேட்டாள். நித்யா சொன்னாள்.

"நல்ல மனுஷன்," என்றாள் சாந்தி. என்னைப் பார்க்கவில்லை.

நான் கெவினை என் கட்சி என்று நினைத்திருந்தேன். அவருக்கு ஒரு நியாயம் இருந்தது. யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று ஒரு வரையறை இருந்தது. என்னிடம் இருந்தது வெறும் வசனம். அதை வயசானவர்களிடம் சொல்லியிருக்கிறேன், பிள்ளை பெற்ற பெண்களிடம் சொல்லியிருக்கிறேன், ஆபரேஷன் ஆன காலோடு உட்கார்ந்திருந்தவளிடமும் சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து தொண்டையைச் செருமினேன். "ஊருக்குப் போனதும் ஒருநாள் ஆட்டோ வெச்சிக்கினு மலையச் சுத்திட்டு வரலாம்."

"யாரு? நீங்களா?"

"நம்ம ரெண்டு பேரும்."

அவள் என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். அவள் முகத்தில் சந்தோஷத்தை எதிர்பார்த்தேன். ஒரு மாதிரி சங்கடம்தான் தெரிந்தது. "பாக்கலாம்," என்று சொல்லிவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தை மூடினாள்.

மீதி நாட்கள் வேகமாக ஓடின. சாந்தி இன்னும் இரண்டு முறை பலகை ஏறினாள், அமைதியான பக்கத்தில் மட்டும். பாறையைச் சுற்றவில்லை. போகும்போதும் வரும்போதும் அதன் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு. கெவின் குழுவில் கிண்டல் செய்த அந்தக் கிழவர் அவள் பலகையைத் தண்ணீர்வரை தூக்கிக்கொண்டு போய் வைத்தார். புறப்படும் நாளில் கெவின் எலுமிச்சம்பழம் ஒரு கூடை கொடுத்தார். விமான நிலையத்தில் வம்பாகும் என்று நித்யாவிடமே விட்டுவிட்டோம். அவள் ஊறுகாய் போட்டிருப்பதாகச் சொன்னாள்.

ஊருக்கு வந்து இரண்டு நாள் தூங்கினோம். மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, குளித்து வேட்டி கட்டிக்கொண்டு நானே தெருமுனைக்குப் போய் ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டு வந்தேன். டிரைவர் பெயர் ஏழுமலை. நாற்பது வயது இருக்கும். கடைப் பக்கம் அடிக்கடி பார்த்திருக்கிறேன், பழக்கம் இல்லை. "கிரிவலம்," என்று சொன்னபோது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. இரண்டு வருடக் குறையை இன்றோடு தீர்த்துவிடுகிறேன் என்று நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

வண்டி வாசலில் நின்றது. சாந்தி பூக்கூடையோடு வெளியே வந்தாள். டிரைவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

ஏழுமலை ஒரே சிரிப்பு. "அட, நம்ம அக்கா வூடா இது! எப்பவும் முனையிலயே ஏறிக்குவீங்களா, எனக்குத் தெரியாமப் போச்சு. என்னாக்கா, மூணு வாரமா ஆளையே காணோம்? மத்த ரெண்டு அக்காவும் என்னை உண்டு இல்லன்னு ஆக்கிட்டாங்க. அவங்க அங்க டீக்கடைகிட்ட நிக்கிறாங்க, ஏத்திக்கினு போயிரலாம்."

நான் சாந்தியைப் பார்த்தேன். அவள் பூக்கூடையைப் பார்த்தாள்.

"எத்தினி நாளா?" என்றேன்.

"நீங்க அன்னிக்கு டயருன்னு சொன்னீங்கல்ல. அதுக்கு அடுத்த வெள்ளிக்கிழமைலேந்து. நீங்க கடையத் தொறக்கப் போனதும் கிளம்பிடுவேன். கோமதியும் லட்சுமியும் சேந்துக்கினாங்க. அவங்களுக்கும் முட்டிதான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா சிரிப்பீங்க," என்றாள். குரலில் கோபம் இல்லை. "நீங்க சிரிச்சப்பறம் போனா, வழியெல்லாம் சாமி ஞாபகம் வராதுங்க. உங்க சிரிப்புதான் ஞாபகம் வரும். அதான் சொல்லல."

வாசற்படியில் நின்றேன். தரப்போவதாக நினைத்துத் தூக்கிக்கொண்டு வந்ததை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. என்னிடமிருந்து ஒளிந்துகொண்டு சாமி கும்பிட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் எனக்குத் தாங்கவில்லை.

"வண்டியில எடம் இருக்குமா?" என்று கேட்டேன்.

அவள் வண்டிக்குள் எட்டிப் பார்த்துக் கணக்குப் போட்டாள். "பின்னாடி நாங்க மூணு பேருக்கே செரியா இருக்கும். முன்னாடி தம்பி பக்கத்துல பாதி சீட்டு இருக்கு. ஆனா ஒண்ணு. வழியில இருக்கிற எட்டு லிங்கத்துலயும் நாங்க எறங்கிக் கும்பிட்டு ஏற ஜாஸ்தி நேரமாவும். நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

ஏழுமலை நகர்ந்து இடம் கொடுத்தான். ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டீக்கடை அருகே கோமதியும் லட்சுமியும் ஏறினார்கள். என்னைப் பார்த்து ஒருகணம் திகைத்து, பிறகு சாந்தியைப் பார்த்தார்கள். "பரவால்ல, ஏறுங்க," என்றாள் சாந்தி.

பாதி வழியில் இருக்கும் அடி அண்ணாமலை தாண்டும்வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னால் மூன்று பேரும் கடல், பலகை, குப்புற விழுந்தது, வெள்ளைக்காரர் தூக்கிவிட்டது என்று பேசிப் பேசிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். ஒன்றரை வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இப்படித்தான் சிரித்துக்கொண்டு வருவார்களாம். ஏழுமலை சொன்னான்.